போசியைத் திறங்க, அம்மணி

காந்திபுரத்தில் ஐந்து மாடி ஜவுளிக் கடை ஒன்றில் பதினோரு வருடங்களாக வேலை பார்க்கிறேன்; அதில் பெரும்பகுதி பட்டுச் சேலை எடுத்துப் போடுகிற வேலை. அங்கே மாதச் சம்பளத்தில் மெஸ்ஸுக்கென்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள். சாப்பிட்டாலும் பிடித்தம், லீவு போட்டாலும் பிடித்தம். மெஸ் என்பது மொட்டை மாடியில் ஒரு தகரக் கூரை. சமைக்க ஒரு அக்கா, பாத்திரம் கழுவவும் காய் நறுக்கவும் இன்னொரு அம்மா. சோறு விறைத்துக் கிடக்கும். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். பத்து வருடம் நானும் வாயைத் திறக்காமல் அதைத் தின்றேன்.

போன வருடம் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, அந்தச் சோற்றில் கிடந்த கல் அதன் மேல் சரியாகப் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல் டாக்டர் வேர்ச் சிகிச்சை செய்து மேலே கேப் போட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை ஏறக்குறைய நான்கு மாத மெஸ் பிடித்தம். பல்லை உடைத்த சோற்றுக்குக் கொடுப்பதைப் பல்லுக்கே கொடுத்துவிடலாமே என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. வீட்டில் எப்படியும் காலையில் மூன்று பேருக்கு ஆக்குகிறேன். இன்னொரு கைப்பிடி அரிசி போட்டால் என் பாடும் முடிந்தது.

மறுநாள் மேலாளரிடம் போனேன். தாராபுரம் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம் அவருடையது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். குரலை உயர்த்தவே மாட்டார். எங்கள் ஊரில் ஒருவரைக் கீழே போட்டு மிதிக்கும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் மிதிப்பார்கள். அதில் அவர் கெட்டிக்காரர்.

“சார், எனக்கு மெஸ்ஸு வேண்டாமுங்க. ஊட்லருந்தே கொண்டாந்துக்கறனுங்க. பிடித்தத்த நிறுத்திப்போடுங்க.”

“அப்படியெல்லாம் ஒருத்தருக்குன்னு மாத்த முடியாதுங்க அம்மணி.”

“நான் சாப்புடாத சோத்துக்கு நான் எதுக்குங்க சார் காசு குடுக்கோணும்?”

சேலைப் பிரிவில் நின்றுகொண்டு இப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. “சரிங்க. எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஆனா வெளியிலருந்து பொருள் உள்ள வந்தா, அது வெளிய போகும்போது செக் பண்ணுவோமுங்க. அது கடை ரூலு” என்றார்.

அந்த ரூல் என்னவென்று அன்று சாயங்காலமே தெரிந்தது. கடையின் முன்வாசலில், வாடிக்கையாளர்கள் போய் வருகிற இடத்தில், காவலாளி என்னை நிறுத்தினார். “போசியைத் திறங்க, அம்மணி.” எங்கள் பக்கத்தில் தூக்குப்போசி என்றால் சாப்பாடு கொண்டு போகிற பாத்திரம். திறந்தேன். அடியில் கொஞ்சம் அரிசிம்பருப்பு சாதம் மீந்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தச் சோற்றைக் கிளறினார். பட்டுச் சேலையைச் சோற்றுக்குள் ஒளித்துக்கொண்டு போவேன் என்று நினைத்தார்களோ என்னவோ. கையில் பை பையாகத் துணி வாங்கிக்கொண்டு போன ஒரு குடும்பம் நின்று வேடிக்கை பார்த்தது. அதில் ஒரு பெண் என்னிடம் காலையில் சேலை எடுத்தவள்.

தினமும் அதே வேலை. நான் போசியைக் கழுவிக்கொண்டு போனால், ஏன் கழுவினாய் என்பது போல மூடியை முகர்ந்து பார்த்தார். பத்துப் பதினைந்து நாள் பொறுத்தேன். பிறகு கழுவுவதை நிறுத்தினேன். ஒரு செவ்வாய்க்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போய், மதியம் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை நன்றாக மூடி வைத்தேன். சாயங்காலம் காவலாளியின் மூக்குக்கு நேராகத் திறந்தேன். “கிளறுங்க. நல்லாக் கிளறிப் பாருங்க” என்றேன். அவர் பின்னால் நகர்ந்தார். பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. அவரும் பாவம், சொன்னதைச் செய்கிற வேலை. ஆனால் அன்று எனக்கு யார் மேலும் இரக்கம் இல்லை.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். “கருவாடெல்லாம் கொண்டு வரவேண்டாமுங்க அம்மணி. உங்க வளவுல அதெல்லாம் பழக்கமா இருக்கும். இங்க பட்டு இருக்குதுங்க. வாசம் புடிச்சுக்கும்.”

வளவு என்று அவர் சொன்னது எங்கள் தெருவை. என் அப்பாவும் தாத்தாவும் மேலாளரைப் போன்றவர்களின் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ‘எந்தூருங்க, எந்தப் பக்கம்’ என்று சிரித்துக்கொண்டே கேட்டாரே, அந்தப் பதிலை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். காது சூடாகிவிட்டது. “முதலாளி ஊட்டு விசேசத்துக்கு இங்க மொட்டை மாடில மீன் வறுத்தப்போ பட்டுக்கு ஒன்னும் ஆகலீங்களே சார்” என்றேன். அவர் கணினியைப் பார்க்கத் தொடங்கினார். அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்த மாதச் சம்பளத்தில் என்னுடைய பிடித்தம் நின்றுவிட்டதை மற்றவர்கள் பார்த்தார்கள். வாசலில் சோற்றைக் கிளறினால் கிளறட்டும் என்று ஒவ்வொருவராக எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பாதிப் பேர் வீட்டுச் சாப்பாடு. அதற்குள் என் பல்லுக்குக் கேப் போட்டாகிவிட்டது. போசிகள் முப்பது நாற்பது ஆனதும் காவலாளியும் திறக்கச் சொல்வதை விட்டுவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மெஸ்ஸில் சாப்பிட ஆள் குறைந்ததும் பாத்திரம் கழுவுகிற அம்மாவை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. சமையல் அக்கா ஒருநாள் மாடிப்படியில் வழி மறித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது.

“நல்லா இருக்குதா கண்ணு, உன்ற ஊட்டுச் சோறு?”

அவர் குரலில் இருந்த விஷம் முதலில் எனக்குப் புரியவில்லை. “ஏனுங்க்கா?” என்றேன்.

“அவள ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. எட்டு வருசம் இங்க பாத்திரம் தேச்சவ. நீ மிச்சம் புடிக்கோணும்னு அவ சோத்துல மண்ணப் போட்டுட்டியே.”

“அனுப்புனது நானாங்க்கா? மேனேஜரைப் போய்க் கேளுங்க.”

“அவங்களப் போய்க் கேக்க முடிஞ்சா உன்றகிட்ட எதுக்கு வாரேன்?”

ஆத்திரத்தில், “கல்லில்லாம ஆக்கியிருந்தா நான் எதுக்குங்க்கா ஊட்ல ஆக்கப் போறேன்?” என்று கேட்டுவிட்டேன். அவர் என் முன்னாலேயே படியில் காறித் துப்பிவிட்டு மேலே ஏறிப் போனார். மூட்டையில் என்ன வருகிறதோ அதைத்தான் அவர் ஆக்க முடியும். அரிசி வாங்குவது அவர் இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

தீபாவளிச் சரக்கு வந்து குவிந்த சமயத்தில் மேலாளர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. “அல்லாரும் ஊட்டுச் சாப்பாடு கேட்டீங்க. முதலாளி மனசு வெச்சுட்டாருங்க. மெஸ்ஸை மூடியாச்சு. இனி யாருக்கும் பிடித்தம் இல்லீங்க.” சிலர் கை தட்டினார்கள். அடுத்த நாள் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. தகரக் கூரைக்குக் கீழே சரக்குப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். சமையல் அக்காவும் இல்லை. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று மேலாளரிடம் கேட்டால், “அது உங்க சௌகரியமுங்க” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாடிப்படியில் உட்கார்ந்தால் சரக்கு தூக்குகிறவர்கள் காலால் இடித்தார்கள். துணி மாற்றிப் பார்க்கிற அறையில் போய்ச் சாப்பிட்டவளுக்கு அபராதம். பின்பக்கச் சந்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே நான்கு நாள் சாப்பிட்டேன். ஐந்தாவது நாள் மழை.

அன்று மதியம் இரண்டு மணிக்குப் போசியை எடுத்துக்கொண்டு எங்கள் பட்டுப் பிரிவுக்கே போனேன். சேலை விரித்துக் காட்டுவதற்கென்று வெள்ளைத் துணி போட்ட மெத்தை இருக்கும். அதன் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். கூட வேலை செய்கிற ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் பதினோரு பேர். சாப்பிட்டோம். கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னங்க இது, பட்டெடுக்க வந்தா கொழம்பு வாசம் அடிக்குது?” என்று கேட்டார்.

மேலாளர் படியில் ஓடி வந்தார். என் முன்னால் வந்து நின்றவருக்கு மூச்சு இரைத்தது.

“எந்திரிடி” என்றார்.

பதினோரு வருடத்தில் முதல் முறை. அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

“ங்க போடுங்க சார்” என்றேன். “எந்திரிங்கன்னு சொல்லுங்க. சாப்புட்டு எந்திரிக்கறோம்.”

அவர் சொல்லவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தோம்.

அதே வாரம் அடித்தளத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இரண்டு நீளப் பெஞ்சும் ஒரு குழாயும் போட்டுக் கொடுத்தார்கள். கரண்ட் போனால் டீசல் புகையில் சாப்பிட வேண்டும், என்றாலும் உட்கார இடம். என்னை மட்டும் பட்டிலிருந்து எடுத்துத் துண்டு, லுங்கி விற்கிற தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். பட்டு விற்றால் வருகிற இன்சென்டிவ் லுங்கிக்குக் கிடையாது. சோற்றில் மிச்சம் பிடித்ததைவிட அதில் போனதுதான் அதிகம். மேலாளர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். என்னைக் கடக்கும்போது ‘வாங்க, போங்க’ எல்லாம் குறையாமல் சொல்கிறார். நானும் குறையாமல் பதில் சொல்கிறேன். ஒருவரை ஒருவர் மன்னிக்கிற உத்தேசம் இருவருக்கும் இல்லை.

போன மாதம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் சமையல் அக்காவைப் பார்த்தேன். மடித்த கட்டைப்பை ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

“எப்படிங்க்கா இருக்கீங்க? இப்ப எங்கீங்க வேலை?”

“அதத் தெரிஞ்சுட்டு எதக் கெடுக்கப் போற?”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். பொள்ளாச்சி பஸ் வந்ததும் அவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒருதரம் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் முகத்தைத் திருப்பியிருப்பேன்.