பாக்கியத்தின் மஞ்சள் ரெயின்கோட்

எழுபதுகளின் கடைசியில், நான் கங்காணியாக இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு புதுக் கிராணி வந்தார். ஆபீஸில் கணக்கெழுதத்தான் வந்திருக்கிறார் என்று துரை நம்பினார். வந்த முதல் நாளே கிராணி என்னிடம், “கங்காணி, இந்த ஜனங்களுக்குக் கலை வேணும்” என்றார். ஜனங்கள் வெகுநாளாகக் கேட்டது தண்ணீர்க் குழாய். அதற்குக் கலை அளவுக்கு அவசரமில்லை போலும்.

கோயில் திருவிழாவுக்கு நாடகம் என்று முடிவானது. கதை நிஜமாக இருக்க வேண்டுமாம். லயத்தில் வீடு வீடாகத் தேத்தண்ணீர் குடித்துக் கதை கேட்டார். மனுஷன் கண் கலங்கக் கேட்பார், அதில் குறை சொல்ல முடியாது. என் கூட்டத்தில் கொழுந்து பறித்த பாக்கியம் அதில்தான் ஏமாந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் புருஷன் திரிங்காப் ஊர்ப் பூத்தோட்டத்துப் பெண்ணோடு ஓடிப்போனவன். மகள் செல்வியிடம், அப்பா லோரி கவிழ்ந்து செத்துவிட்டார் என்று சொல்லி வளர்த்திருந்தாள். ஊர் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனாலும் லயத்துப் பெரியவர்கள் யாரும் உண்மையைச் செல்வி காதில் போட்டதில்லை.

கிராணி அதையே நாடகமாக எழுதியிருந்தார். இந்தக் கதை வேண்டாம் என்றேன்.

“பேர மாத்திட்டேன் கங்காணி. பாக்கியம் இல்ல, லட்சுமி. யாருக்குத் தெரியப்போகுது?”

பெயராம். பனிமூட்டத்தில் தொப்பியும் கூடையுமாக நிற்பவர்களை நாங்கள் உடுப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். மற்றவர்கள் பிளாஸ்டிக் ஷீட் கட்டுவார்கள். பாக்கியம் மட்டும் புருஷன் விட்டுப்போன மஞ்சள் ரெயின்கோட்டைக் கையை மடித்துப் போட்டிருப்பாள். நாடகம் நிஜமாக இருக்க, கிராணி அதே மாதிரி ஒன்றைத் தேடி வாங்கியிருந்தார்.

திரை இழுப்பது என் வேலை. மஞ்சள் கோட்டு மேடைக்கு வந்ததும் கூட்டம் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தது. செல்வியும் பார்த்தாள். நான் திரையை மூடினேன். கிராணி ஓடிவந்து திறந்தார். கடைசியில் ஓடிப்போனவன் திரும்பி வந்தான். லட்சுமி அவன் காலில் விழுந்தாள். நியாயம்தானே! ஒரே கைதட்டல். துரை கிராணிக்கு மாலை போட்டார். செல்வி அன்றோடு அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் கிராணி வந்தார். தீபாவளிக்கு இன்னொரு நாடகமாம், பக்கத்து ஊர் கம்போங் ராஜாக்காரர்களையும் அழைக்கப் போகிறாராம். பாக்கியம் கூடையை இறக்கி வைத்தாள்.

“ஐயா, எங்கிட்ட ஒரு கதை இருக்கு. ஒரு கிராணி கம்போங் ராஜாவுக்குப் பொண்ணு பாக்கப் போறாரு. தான் அசிஸ்டென்ட் மேனேஜர்னு சொல்லிக்கிறாரு. பொண்ணோட அப்பா லோரி ஏறி இங்கயே வந்து விசாரிச்சுட்டுப் போயிடுறாரு.”

கிராணியின் முகம் வெளுத்தது. அது தன் சொந்த விஷயம் என்று முணுமுணுத்தார்.

“கவலப்படாதீங்கய்யா. பேர மாத்திட்டேன் லா.”

தீபாவளிக்கு நாடகம் நடக்கவில்லை. கலை எப்படியோ பிழைத்துக்கொண்டது. கலைச்சேவைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, அடுத்தவர் கதையை மேடையேற்றும் முன் உங்கள் கதை ஒன்றை ஏற்றிப் பாருங்கள். கூச்சம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அன்று நிறுவை இடத்தில் எல்லோரும் சிரித்தோம். பாக்கியம் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனால் செல்வி பேச மாட்டாள்.