ஓய்வுபெற்றவரின் பெயரில் ஓர் அலுவலகம்

"எல்சி: தட்டெழுத்தாளர், தரம் இரண்டு. தரப்படும் பிரதிகளைப் பிழையின்றித் தட்டெழுதுதல். சுயமாக முடிவெடுக்கும் பொறுப்பு இல்லை." கடமைப் பட்டியல் இப்படிச் சொல்கிறது. ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் அந்த மீன்பிடி அனுமதி அலுவலகத்தில் தட்டெழுத்துப் பொறி இல்லாமற்போய்ப் பன்னிரண்டு வருடம். முடிவெடுக்கும் பொறுப்புள்ளவர்கள் பதினாறு பேர் இருக்கிறார்கள், முடிவுகள்தான் இல்லை.

பதினேழு பேரும் கணினியைத் திறந்தது இராசநாயகம் என்ற பெயரில். அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம். உள்நுழைந்ததும் சொந்தக் கோப்புறை தானாக வந்து நிற்கும் ஏற்பாடு அவர் ஒருவருக்கே செய்யப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கும் கணினியில் பெயர் இருந்தது; இந்த ஏற்பாட்டை அவர்களும் கேட்டிருக்கலாம், அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆகவே அவருடைய கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அவருடைய கோப்புறைக்குள் ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதினார். யார் அழித்தது என்று பார்த்தால், எல்லாவற்றையும் அழித்தவர் இராசநாயகம். இவ்வளவு வசதியான மனிதர் எந்தத் திணைக்களத்துக்கும் வாய்க்கமாட்டார்.

கணினிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ரிஷிகேசன். ஒரு திங்கட்கிழமை, சுற்றறிக்கையைப் பின்பற்றி ஓய்வுபெற்றவரின் பெயரை நீக்கினார். அவர் கடமையைச் செய்தது அந்த ஒரு நாள்தான்; அதிலேயே அலுவலகம் படுத்துவிட்டது.

அன்று நிலாவெளி யோசேப் ஐந்தாம் முறையாக வந்திருந்தார். அவர் கரைவலை இழுக்கும் கரைத்துண்டுக்கான அனுமதியை வெள்ளிக்கிழமைக்குள் புதுப்பிக்காவிட்டால், அது வேறொருவருக்குப் போய்விடும். அவருடைய படமும் சிபாரிசுகளும் அந்தக் கோப்புறைக்குள் இருந்தன.

"எல்லாம் அழிஞ்சு போச்சு ஐயா. முதல்ல இருந்து விண்ணப்பியுங்கோ," என்றார் ரிஷிகேசன், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"முதல்ல இருந்தெண்டா ரெண்டு மாசம் செல்லும் தம்பி. அதுவரைக்கும் வலையை வீட்டு முத்தத்திலயே இழுக்கிறது?"

இரண்டு கதிரைகளில் சிரிப்புக் கேட்டது. யோசேப் சிரிக்கவில்லை.

எல்சி எழும்பி வந்தாள். "தம்பி, இராசநாயகம் ஐயாட பேரைத்தானே எடுத்தனீங்கள்? கோப்புறை உள்ளுக்குக் கிடக்குமே?"

"ஓம், கிடக்கலாம் மிஸ். இப்ப தேட ஏலாது. அது உங்கட வேலையும் இல்லை."

"உங்கட வேலைதானே?"

"எனக்குக் கூட்டம் இருக்கு. வேணுமெண்டா என்ர கடவுச்சொல்லைத் தாறன், நீங்களே பாருங்கோ."

அலுவலகத்தின் முழுச் சாவியையும் ஒரு பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். கூட்டம் சாப்பாட்டுக் கடையில் நடந்தது.

எல்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தாங்களும் படிக்க வேண்டி வரும். அவள் பதினேழு பெயர்களையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, கோப்புறை இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரே வரியை எழுதினாள். ஆளின் பெயர் வரவேண்டிய இடத்தில், உள்நுழைபவர் யாரோ அவர் என்று கணினி புரிந்துகொள்ளும் ஒரு சொல். மறுநாள் காலை அவரவர் கோப்புறை அவரவர் முன்னால் வந்து நின்றது. சந்தோசப்பட்டவர் எவருமில்லை. பிழைக்கு இனி அவரவர் பெயர் இருக்கும் அல்லவா?

ஆண்டறிக்கையில் "வலையமைப்புச் சீரமைப்பு: ரிஷிகேசன்" என்று இருக்கிறது, படத்தோடு. அனுமதியின்றிக் கணினி அமைப்பைத் தொட்டதற்கு விளக்கம் கேட்டு எல்சிக்கு ஒரு கடிதம் வந்தது. அதைத் தட்டெழுதும் வேலையையும் அவளிடமே கொடுத்திருந்தார்கள்.

எல்சி செய்தது இவ்வளவுதான்: செவ்வாய்க்கிழமை பழைய கோப்புறையிலிருந்து யோசேப்பின் பத்திரங்களைத் தேடி எடுத்தாள், புதன்கிழமை மூன்று மேசைகளில் நின்று கையொப்பம் வாங்கினாள், வியாழக்கிழமை அனுமதிப்பத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள்.