டவுன் பஸ்ஸைத் துரத்திய காலை

எங்கள் ஊரிலிருந்து கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு வரை நிற்காமல் ஓட வேண்டும். இந்த வருடம் எனக்கு நானே வைத்துக்கொண்ட லட்சியம் இது. தினமும் வாய்க்கால் பாலத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவேன்.

ஓட ஆரம்பித்த புதிதில், பஸ் பிடிக்கத்தான் ஓடுகிறேன் என்று நினைத்து டவுன் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள்.

"யக்கா, ஏறுங்க!" என்பார் கண்டக்டர்.

"பஸ்ஸுக்கு இல்லண்ணே, சும்மா ஓடிக்கினு இருக்கேன்."

"சும்மாவா? வூட்டுல இன்னா சண்டையா?" என்று ஜன்னலோரத்து அம்மா ஒருவர் கேட்பார்.

ஒருவழியாக எல்லாருக்கும் என் லட்சியத்தைப் புரியவைத்தேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன்.

இன்று காலை கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போகத் தாமதம். கையில் சாப்பாட்டுப் பையோடு தெருமுனைக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. "நிறுத்துங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

நிறுத்தவில்லை. ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் நீண்டன. ஒரே கைதட்டல்.

"வுடாதக்கா! அப்டித்தான், ஓடு!"

எல்லாரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே ஓடினேன். பாலத்தை எப்போது தாண்டினேன் என்றே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் நின்றேன். கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பாமல் பஸ் எனக்காகக் காத்திருந்தது.

கண்டக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாக்கா, இன்னிக்கு பாலத்துல நிக்கவே இல்லியே!"

அப்புறம் எங்கே கோபப்படுவது?

உங்களுக்கெல்லாம் கோச் ஒருத்தர்தானே? எனக்கு ஒரு டவுன் பஸ் முழுக்க.