கட்டைவிரலுக்கு அடியில் இருந்த அட்டை

அரிமளத்தில் எப்சிபாவை நேரில் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் அடித்துக்கொடுத்த பத்திரிகையை வாங்காத வீடு இருக்காது. புதுக்கோட்டையில் ஒரு அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் ஊருக்குள் வரும். கை அப்படி ஒரு வேகம், வாய் அதைவிட வேகம். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாள் என்றால் நம்புவீர்களா?

காரணம் பயம். அதை ஊட்டி வளர்த்தவர் அவளுடைய அப்பா தேவசகாயம். சபையில் உபதேசியாராக இருந்து, பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மற்ற வீடுகளில் "சாமி கண்ணைக் குத்தும்" என்ற ஒற்றை வரியோடு மிரட்டல் முடிந்துவிடும். அவர் வீட்டில் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே நரகப் படமே தொங்கியது. தீயில் விழுகிறவர்கள் மொத்தம் பதினேழு பேர். சின்ன எப்சிபா அவர்களை எண்ணி முடித்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாள். பொய் சொன்ன நாட்களில் பதினெட்டாவது ஆளாகத் தன்னையும் சேர்த்துக்கொள்வாள். பாவம், அந்தச் சோறு எப்படி உடம்பில் ஒட்டும்?

அவளைக் கட்டிக்கொள்வதற்காகவே ஞானஸ்நானம் எடுத்தவர் முத்துராஜ். காக்கிச் சட்டை போட்டு ஜேசிபி ஓட்டுகிறவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் வந்துகொண்டிருந்தார். அவருடைய அம்மா அமராவதி மட்டும் மாறவில்லை, கடைசிவரை தன் குலசாமியைத்தான் கும்பிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மருமகளுக்கு முதல் ஆளாக இட்லி ஊற்றிக்கொடுத்து, "கோயிலுக்கு நேரமாச்சு, ஓடு தாயி" என்று விரட்டிவிடுவார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாள் இறந்த அன்று, துக்கம் கேட்க வந்த தேவசகாயம் பந்தலில் உட்கார்ந்துகொண்டு யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"ஞானஸ்நானம் எடுக்கல. நரகந்தான். வேற எடம் கெடையாது."

முத்துராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார். எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க ஆத்தா அங்கிட்டுன்னா நானும் அங்கிட்டே போய்க்கிறேன்" என்றவர், அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை.

எப்சிபாவுக்குப் புருஷன் என்றால் உயிர். அதனால்தான் அவ்வளவு பயம். இப்போதெல்லாம் அந்தப் படத்தின் பதினெட்டாவது ஆள் காக்கிச் சட்டை போட்டிருந்தார். அழுதாள், கெஞ்சினாள், உபவாசம் இருந்தாள். அசையவில்லை மனிதர். அப்படியிருந்தவர் போன டிசம்பர் முப்பதாம் தேதி, அவளுக்கு அடிக்கடி வரும் தலைவலியைப் பார்த்து மனம் இளகியோ என்னவோ, "ஒன்பது வருசமா தனியாவே போற. இந்த நியூ இயருக்கு நானும் வாரேன். அட்டை மட்டும் எடுத்துட்டு வந்துர்றேன்" என்றார். அவளுக்குக் கை கால் ஓடவில்லை!

அட்டை என்றால் வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்குக் கடவுள் அவருக்குத் தரும் வாக்கு. பயப்படாதே, கூடவே இருக்கிறேன் என்கிற மாதிரி நல்ல வார்த்தைகளாகத்தான் இருக்கும். அவற்றை அச்சகத்தில் அடித்து, வெட்டி, அன்றைக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் எப்சிபாதான்.

இந்த வருடம் அவள் ஒரே ஒரு அட்டையைக் கூடுதலாக அடித்தாள். மனம் திரும்பாதவனுக்கு அணையாத நெருப்பு காத்திருக்கிறது என்று சொல்லும் வசனம். ஒருமுறை நன்றாகப் பயந்துவிட்டால் மனிதர் வழிக்கு வந்துவிடுவார் என்று நினைத்தாள். தான் வந்த வழியே அதுதானே!

அடையாளத்துக்கு மூலையை லேசாக மடித்து, தட்டின் ஓரத்தில் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு நின்றாள். வரிசை நகர்ந்தது. குழந்தைகள் எடுத்தார்கள், பெண்கள் எடுத்தார்கள். படித்தவர்கள் முகமெல்லாம் பல்லாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். இன்னும் நான்கு பேர். இரண்டு பேர். முத்துராஜ் எதிரே வந்து நின்றார்.

வெள்ளைச் சட்டை. நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை, தேய்த்துக் கழுவியிருந்தார். தட்டைச் சரியாகத் திருப்பி அந்த அட்டையை அவர் விரலுக்கு நேராக நீட்டினாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மெதுவாக "ஆத்தா" என்றார். வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அவர் சொல்லும் வார்த்தை அது. சொல்லிவிட்டு அட்டையைப் பிடித்து இழுத்தார்.

அட்டை வரவில்லை. எப்சிபாவின் கட்டைவிரல் அதை விடவில்லை.

அவர் மறுபடி இழுத்தார். இவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள். சபையே பார்க்க, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு துண்டு அட்டைக்கு மல்லுக்கு நின்றார்கள்.

"விடு எப்சி" என்று கிசுகிசுத்தார்.

"வேற எடுங்க."

"ஏன்?"

"எடுங்கன்னா எடுங்க!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போனார். அடுத்த வேடிக்கை உடனே வந்தது. "மிச்சத்தக் குடுங்கம்மா, சந்தனம் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகணும். டயாலிசிஸ் முடிஞ்சு படுத்துக் கெடக்காங்க" என்று போதகர் தட்டுக்குக் கை நீட்டிவிட்டார். நோயாளி கையில் அந்த நெருப்பா? எப்சிபா வெடுக்கென்று அதை உருவித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில் முத்துராஜ் தன் அட்டையை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"முடிவே இல்லாத அன்புன்னு போட்டிருக்கு. யாருக்குன்னு போடலையே?"

"எல்லாருக்குந்தாங்க."

"எல்லாருக்கும்னா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி, அப்பா கைத்தடியோடு நின்றார்.

"சரி, ஒனக்கு என்ன வந்துச்சு?" அவள் கையை மூடிக்கொண்டாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துப் படித்தார். மடித்த மூலையைத் தடவினார்.

"நான் இழுத்த அட்டைதானே இது?"

"ஆமாங்க. ஒங்களுக்குன்னுதான் அடிச்சேன்."

"அப்பறம் எதுக்கு விடாமப் புடிச்ச?"

"ஆத்தான்னு சொன்னீங்க. மனசு வரலங்க."

கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அந்த அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அவள் கையில் வைத்தார்.

"இது ஏங்கிட்ட இருக்கட்டும். ஒன்னய அங்கிட்டு அனுப்பிட்டு நான் இங்கிட்டு தனியா என்ன பண்றது?"

எப்சிபா கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். இவருக்கு மனசு வரவில்லை. அடித்து எடுத்துக்கொண்டு வந்த எனக்கே மனசு வரவில்லை. எங்களைப் படைத்தவருக்கு மட்டும் எப்படி வரும்? முப்பது நாற்பது வருடமாக இது ஏன் தோன்றவில்லை? சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன.

"என்னங்க! அத்தை அங்க இல்லங்க!"

அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தேவசகாயம் தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"எப்சி, என்ன பேசுற?"

"எங்க அத்தை நரகத்துல இல்லப்பா! எனக்கு இட்லி ஊத்திக் குடுத்து இந்தக் கோயிலுக்கு அனுப்பி வச்சவங்கப்பா. அவங்களப் போயி எரிக்கிறவரா நம்ம ஆண்டவரு?"

சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். யாரும் குத்தவில்லை. மெல்லத் திறந்தாள். அப்பா கைத்தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். முத்துராஜ் வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு எப்சி" என்றார்.

அவள் முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.