சுவரில் எழுதிய கியூரி

ஒற்றை அறை வீடான எங்கள் லயத்துக் காம்பிராவின் சுவர்தான் எனக்குக் கரும்பலகை. ரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் உயர்தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் படித்தவள் நான் ஒருத்திதான். தீபாவளிக்கு வெள்ளையடித்தால் அடுத்த தீபாவளிவரை சுவர் உனக்கு என்று அப்பா சொல்லியிருந்தார். மனதில் நிற்காததையெல்லாம் அடுப்புக்கரியால் அதில் எழுதிவைப்பேன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது Ci. இரண்டு எழுத்தும் பெரிதாக இருந்தால் ரோமன் இலக்கத்தில் நூற்றொன்று. இரண்டாவது சிறிதானால் கியூரி, கதிர்த்தொழிற்பாட்டை அளக்கும் அலகு. இரண்டையும் கட்டிலுக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, போராளிகளைத் தேடி ஆமி வந்து தோட்டத்தைச் சுற்றி வளைத்தது.

"ஐயோ, செவுத்துல என்னென்னமோ கெடக்கே புள்ள!" என்று அம்மா பதறினாள். தீபாவளிக்கு மிஞ்சிய சுண்ணாம்பு வாளியை இழுத்து மளமளவென்று பூசினாள். ஈரச் சுண்ணாம்பு எதையும் மறைக்காது, காய்ந்தால்தான் வெளுக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? பயத்தில் எதுதான் ஞாபகம் வரும்!

அதிகாரி உள்ளே வந்தபோது சுவரிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து Ci பளிச்சென்று தெரிந்தது.

இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அணு என்ற சொல் வந்ததும் அவர் முகம் மாறியது. அரசாங்கம் அச்சடித்த பாடப்புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் வீட்டுப் பிள்ளையும் இதே பாடத்தைத்தான் படிக்கும். புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்படியானால் ஏன் மறைத்தீர்கள்?"

உங்களுக்குப் பயந்துதான் என்று கத்தியிருக்க வேண்டும். புத்தகத்தின் அந்தப் பக்கத்தையே மறுபடி காட்டினேன். வீட்டு ஆம்பிளை என்று, வாசலில் நின்ற அப்பாவை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அப்பால் ட்ரக் மறைகிறவரை அம்மா தலையில் அடித்துக்கொண்டே நின்றாள். சாயங்காலம் நாங்கள் உள்ளே திரும்பி வந்தபோது சுவர் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

அம்மாவின் பிடிவாதத்தில்தான் பரீட்சைக்குப் போனேன். வினாத்தாளில் கியூரியும் வந்திருந்தது. தாள் கிழியும்படி பேனையை அழுத்தி விடை எழுதினேன்.

மாதக் கடைசியில் அப்பாவை விட்டார்கள். பாதம் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அது என்னான்னு அடிச்சி அடிச்சிக் கேட்டாங்க புள்ள. தெரிஞ்சாத்தானே சொல்ல? இப்பவாச்சும் சொல்லு, என்னாதான் அது?"

சொன்னேன். ஒன்று நூற்றொன்று, மற்றது ஓர் அளவு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்பா வீங்கிய காலைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.