நமசிவாயம் குற்றவாளி என்று சொன்ன காரணம்

நீர்வேலி நமசிவாயம் வாழைத்தோட்டக்காரர். ஆனால் அவருக்குத் தோணியில்தான் ஆசை. 1982இல் ஒரு பழைய சிறு வள்ளத்தை வாங்கி, ஊருக்குக் கிழக்கே இருக்கிற கடல்நீரேரியில் விட்டார். மீன் பிடிக்க அல்ல. ஞாயிறு பின்னேரங்களில் யாரையாவது ஏற்றி, நீண்ட கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு சும்மா சுற்றிவருவார். மாரி முடிந்த காலத்திலும் அங்கே தண்ணீர் இடுப்புக்கு மேலே வராது. அவருடைய மனைவி குணலட்சுமி, "நடந்து போற இடத்துக்கு ஏன் வள்ளம்?" என்று கேட்பார். நமசிவாயம் கம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

1983 தை மாதத்து ஞாயிறு ஒன்றில் வள்ளத்தில் ஏறியவர் அளவெட்டி நாதஸ்வர வித்துவான் கனகரத்தினம். நமசிவாயத்தின் பழைய சிநேகிதர். நாதஸ்வரத்தையும் கொண்டு வந்திருந்தார். வெயில் தாழ்ந்து காற்று விழுந்ததும், இருந்தபடி வாசித்தால் மூச்சு மடங்குகிறது என்று சொல்லி எழுந்து நின்று தோடியைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் வள்ளம் சேற்றுமேட்டில் முட்டியது. நமசிவாயத்தின் கைக்கம்பு திரும்பி வித்துவானின் வாயில் அடித்தது. இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். எழுந்து நின்றபோது தண்ணீர் தொடையளவுதான் இருந்தது. ஆனால் வித்துவானின் முன்பல் ஒன்று போய்விட்டது.

முன்பல் இல்லாமல் நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியைப் பிடிக்க முடியாது. அந்த ஆண்டுக் கலியாணக் காலம் முழுவதும் வித்துவான் வீட்டிலேயே இருந்தார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் காரணம் கேட்டு எழுதியது பொலிசுக்குப் போனது. கவனயீனமாக வள்ளம் செலுத்திக் காயம் விளைவித்ததாக நமசிவாயத்தின் மேல் வழக்கு வந்தது.

பங்குனியில் நீதவான் நீதிமன்றத்துக்கு அவர் தனியாகவே போனார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் இரக்கப்பட்டார்.

"ஐயா, குற்றவாளி எண்டு சொன்னால் சின்னத் தண்டம். இண்டைக்கே முடியும். சுத்தவாளி எண்டால் இன்னும் நாலைஞ்சு தவணைக்கு வரவேணும்."

நமசிவாயம் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருடைய தோட்டத்துக் கிணறு மூன்று பேருக்குப் பங்கு. அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவருடைய இறைப்பு முறை. தவறினால் முறை அடுத்த பங்காளி அருளம்பலத்துக்குப் போய்விடும், வாழை மூன்று நாள் காயும். பெயர் கூப்பிட்டார்கள். குற்றம் வாசித்து முடிவதற்குள்ளேயே, "குற்றவாளி, ஐயா" என்றார். தண்டத்தைக் கட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கிணற்றடியில் நின்றார்.

ஆவணியில் வித்துவானின் சட்டத்தரணியிடமிருந்து நட்டஈடு கேட்டுக் கடிதம் வந்தது. நமசிவாயம் அதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி மகாதேவியிடம் போனார்.

"தண்டம் கட்டியாச்சு, தங்கச்சி. பிறகும் வழக்கே?"

"தண்டம் அரசாங்கத்துக்குப் போனது, அண்ணை. வித்துவான்ரை பல்லுக்கு அதிலை ஒரு சதமும் போகேல்லை. அங்கை என்ன சொன்னனீங்கள்?"

"குற்றவாளி எண்டு."

"ஏன்?"

"தண்ணி முறை."

மகாதேவி பேனாவைக் கீழே வைத்தார். "உங்கடை வாயாலை ஒப்புக்கொண்டதை அவை உங்களுக்கு எதிராக் காட்டுவினம். ஆனா அதோடை எல்லாம் முடிஞ்சுபோகாது. ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு விளங்கப்படுத்தலாம். நீதிபதி நம்பவேணும், அவ்வளவுதான். தண்ணி முறைக்குச் சாட்சி இருக்கே?"

இருந்தது. ஆனால் அது அருளம்பலம். இருவரும் தண்ணீர்ச் சண்டையில் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. குணலட்சுமிதான் போய்க் கேட்டார்.

ஊரடங்கில் இரண்டு தவணை போய், 1984இல் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. வித்துவானும் நமசிவாயமும் யாழ்ப்பாணத்தில் ஒரே நேரம் பஸ்ஸால் இறங்கி, தெருவின் இரண்டு பக்கத்தாலும் நடந்து வந்தார்கள். வித்துவானின் பக்கச் சாட்சி முடிந்ததும் அருளம்பலம் கூண்டில் ஏறினார்.

"அவர் வர அஞ்சு நிமிசம் பிந்தியிருந்தால் தண்ணி எனக்குத்தான்" என்றார். "நான் தண்ணி இறைக்கிற மிசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிண்டனான். வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். எனக்கு அந்த நேரம் நல்லா நினைவிருக்கு. இண்டைக்கும் கவலைதான்."

அடுத்தது நமசிவாயம். வித்துவானின் சட்டத்தரணி எழுந்தார்.

"நீதவானுக்கு முன்னாலை குற்றவாளி எண்டு சொன்னீரா?"

"சொன்னனான்."

"அது பொய்யா?"

"பொய் இல்லை, ஐயா. அவசரம்."

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். மகாதேவிக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் வித்துவானின் சட்டத்தரணி உட்காரவில்லை.

"சரி. முட்டுறதுக்கு முதல் அந்தச் சேற்றுமேட்டைப் பாத்தீரா?"

"இல்லை."

"ஏன்?"

"கண்ணை மூடியிருந்தன்."

"கம்பு ஊண்டிக்கொண்டே?"

"ஓம். வித்துவான் தோடி வாசிக்கேக்கை கண்ணைத் திறந்துகொண்டு ஆர் கேப்பினம்?"

மகாதேவி நெற்றியில் கையை வைத்தார். சபையில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசை வாங்கில் இருந்த கனகரத்தினம் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சால்வையைச் சரிசெய்தார்.

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. நீதவான் மன்றில் சொன்ன ஒப்புதல் அவசரத்தில் சொன்னது, அதை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது என்றார் நீதிபதி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வள்ளம் தள்ளியது கவனயீனம்தான். சிறு வள்ளத்தில் எழுந்து நின்று வாசித்த வித்துவானிலும் பிழை இருக்கிறது. ஆகவே கேட்ட நட்டஈட்டில் பாதி.

வெளியே வந்ததும் மகாதேவி சொன்னார்: "ஒப்புதலிலையிருந்து உங்களைக் காப்பாத்தினன். உங்களிட்டையிருந்து காப்பாத்த ஏலேல்லை."

நமசிவாயம் தலையாட்டினார். கனகரத்தினம் தெருவைக் கடந்து அவரிடம் வந்தார். வைத்தியர் வைத்த புதுப் பல் வாயில் மினுங்கியது.

"உண்மையாவே கண்ணை மூடினனியே?"

"ஓம்."

"எந்த இடத்திலை?"

"நீ மேல் சட்சத்திலை கன நேரம் நிண்டனி. அந்த இடத்திலை."

"அண்டைக்கு அது நல்லாத்தான் அமைஞ்சது" என்றார் வித்துவான். பிறகு இருவரும் தேத்தண்ணிக் கடைக்குள் போனார்கள். நமசிவாயம் காசு கொடுக்கப் போக, வித்துவான் அவருடைய கையைத் தட்டிவிட்டார்.