பிள்ளையைக் கொல்லும் முன் ஒரு வார்த்தை

கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு பெட்டிகளோடு கேமரன் மலைக்கு ஏறி, எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான அம்மாவின் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். அம்மா தேயிலை ஆலையில் தூள் சலிக்கும் பகுதியில் இருக்கிறார். காலையில் அவர் கிளம்பியதும் வீடு என்னுடையது. டெவ்ஆப்ஸ் வேலை நேர்காணல்களுக்கு அங்கேதான் படித்தேன்.

"அது என்னா வேல?" என்று அம்மா கேட்டார்.

"புரோகிராம் எழுதுறவங்களுக்கும் அத ஓட வெக்கிறவங்களுக்கும் நடுவுல நின்னு, ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்குற வேலைம்மா."

"கங்காணி வேலன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார்.

அதற்குள் இரண்டு நேர்காணல்களில் தோற்றிருந்தேன். விஷயம் தெரியும், வாய்தான் வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பதிலையும் முதலில் தமிழில் உரக்கச் சொல்லிப் பார்ப்பது, பிறகு ஆங்கிலத்தில். மேலே கோட்டு, கீழே கைலி, காலில் உறை. அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் முழங்கினேன்.

அந்த வாரப் பாடம் 'புரோசஸ்'. கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அந்தப் பெயர். ஒன்று இன்னொன்றைத் தொடங்கினால், தொடங்கியது தாய், தொடங்கப்பட்டது பிள்ளை. நிறுத்துவதைக் கொல்வது என்பார்கள். முடிந்துபோன பிறகும் பட்டியலை விட்டுப் போகாமல் நிற்கும் பிள்ளைக்குப் 'ஜாம்பி' என்று பேய்ப் பெயர் ஒன்று உண்டு. இந்தப் பெயர்களையெல்லாம் வைத்தவர்கள் லயத்தில் குடியிருந்தவர்கள் இல்லை.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டு ஆண்ட்டி பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறித் தோட்டமொன்றில் பெட்டி அடுக்குகிறவர். அந்த வாரம் கால் சுளுக்கி வீட்டில் படுத்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம், அம்மா வேலை முடிந்து வந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் தேவாலயத்துப் பாஸ்டரும் சபைப் பெண்கள் நால்வரும் வேதாகமத்தோடு வந்தார்கள். கடைசியாக ஆண்ட்டி நொண்டிக்கொண்டே வந்து கதவோரம் நின்றார். என் நேர்காணலுக்காக ஜெபிக்க வந்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன்.

"மனசுல என்னா பாரம் இருந்தாலும் சொல்லும்மா" என்றார் பாஸ்டர், மிகவும் மெதுவாக.

"பயமா இருக்கு பாஸ்டர். ஒரு வாரமா அதே நெனப்புதான்."

"எப்பன்னு முடிவு பண்ணிட்டியா?"

"செவ்வாக்கெழம பத்து மணிக்கு."

ஒரு பெண் "ஆண்டவரே!" என்று நெஞ்சில் கை வைத்தார். ஆண்ட்டியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நான் என் காதால கேட்டேன் பாஸ்டர். செத்த பிள்ளைய மறுபடி கொல்ல முடியாது, தாயக் கொன்னாத்தான் பிள்ள போவும்னு இது சொல்லுச்சு. ஒருதரம் இல்ல, பத்துதரம்!"

தட்டோடு வந்த அம்மா, தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

விளக்குவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. வாயால் சொன்னது எதையும் யாரும் நம்பவில்லை. கடைசியில் மடிக்கணினியைத் திறந்து, கறுப்புத் திரையில் ஒரு தாயையும் ஒரு பிள்ளையையும் உண்டாக்கிக் காட்டினேன். ஆண்ட்டி சுளுக்கை மறந்து முன்னால் வந்து உட்கார்ந்தார். ஒரு கட்டளையைத் தட்டினேன். பிள்ளை மறைந்தது.

"ஒரு வார்த்த சொல்லாமலா?" என்றார் ஆண்ட்டி.

"சொல்லத் தேவயில்ல ஆண்ட்டி."

"அது கையில ஏதாச்சும் வேல வெச்சிருந்திச்சின்னா? நான் பாதிப் பெட்டி கோஸ் அடுக்கிக்கிட்டிருக்கப்ப லைட்ட அணைச்சா அந்தப் பெட்டி என்னா லா ஆவுறது?"

புத்தகத்தைப் புரட்டினேன். பதில் அதில் இருந்தது. நிரலிடம் முதலில் நிற்கும்படி கேட்டு, அவகாசம் கொடுத்து, கேட்காவிட்டால் மட்டுமே கொல்ல வேண்டும் என்று. அந்தப் பகுதி சின்னதாக இருந்ததால் தாண்டிவிட்டிருந்தேன். எடுத்து வாசித்துக் காட்டியதும் பாஸ்டர் முகம் மலர்ந்தது. வந்ததற்கு ஜெபம் செய்யாமல் போவதா என்று, எனக்காகவும் கணினியில் உள்ள எல்லாத் தாய்மார்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

இனி இந்த வீட்டில் 'கொல்' என்ற சொல் கேட்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டார். மிச்ச நாட்கள் முழுவதும் 'போகச் சொல்வேன்' என்றே பழகினேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா லீவு போட்டுவிட்டு அடுப்படியில் காவல் இருந்தார். திரையில் மூன்று பேர். சர்வரில் ஒரு புரோசஸ் சிக்கிக்கொண்டால் என்ன செய்வாய் என்றார்கள். பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் அதையே சொல்லிவிட்டது: "மொதல்ல மரியாதையா போகச் சொல்வேன்."

ஓர் ஆள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நடுவில் இருந்த பெண் சிரிக்கவில்லை. "போகாவிட்டால்?"

"கையில் இருக்கும் வேலையை முடிக்க அரை நிமிடம் கொடுப்பேன். அப்புறமும் போகாவிட்டால்..." அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

"கில்?" என்றார் அவர்.

"அதேதான்" என்றேன் குரலைத் தாழ்த்தி.

அடுத்து நெட்வொர்க் பற்றிக் கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். கேட்ட பதவி கிடைக்கவில்லை. அதே குழுவில் ஒரு படி கீழே ஓர் இடம், வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஒருமுறை கோலாலம்பூர் என்று கடிதம் வந்தது. சரி என்றேன்.

முதல் நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு எட்டரைக்கே உட்கார்ந்தேன். கம்பெனி அனுப்ப வேண்டிய கடவுச்சொல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா சாப்பாட்டுக்கு வந்தார்.

"வேல எப்படி?"

"இன்னும் உள்ள விடலம்மா."

அம்மா என்னையும் கோட்டையும் பார்த்தார். உள்ளே போய் ஒரு தட்டு நிறைய நெத்திலி கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் வைத்தார்.

"விடற வரைக்கும் இதுக்குத் தலையக் கிள்ளு."